கையடக்க ஜிபிஎஸ் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மலையேற்றக் குழு ஒன்றின் கருவிப் பெட்டி பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் "இது கெட்டுப்போய்விட்டது" என்ற சீட்டுடன் ஒரு ஜிபிஎஸ் கருவியாவது என் மேசைக்கு வந்துவிடும். அப்படி வந்தவற்றில் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தவை மிகக் குறைவு. மற்றவற்றில் பேட்டரியோ, யாரோ மாற்றிவைத்த ஓர் அமைப்போ, வானத்தை மறைத்த ஏதோ ஒன்றோதான் குற்றவாளி.

உங்கள் கருவி காட்டும் அறிகுறியைக் கீழே தேடி நேரே அங்கே போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. மெனுப் பெயர்கள் கருவிக்குக் கருவி மாறும். பொருளைப் பிடித்துக்கொண்டால் போதும்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் ரீசெட்டை எடுத்த எடுப்பில் அழுத்தாதீர்கள். நீங்கள் சேமித்த வேபாயின்ட்களும் (குறித்துவைத்த இடங்கள்) தடங்களும் (நடந்த வழியின் பதிவு) அதோடு அழிந்துபோகலாம். முதலில் அவற்றைக் கணினியில் நகலெடுங்கள்.

## கருவி உயிர் பெறவே இல்லை

பேட்டரிகளைக் கழற்றி, திசை பார்த்து மீண்டும் போடுங்கள். சிரிக்க வேண்டாம், பாதிப் பேர் இந்த இடத்திலேயே கருவியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்கும் அசையவில்லை என்றால், வேறொரு பொருளில் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பேட்டரிகளைப் போடுங்கள். "புதுசுதான்" என்று சொல்லப்படும் பேட்டரி, அலமாரியில் மூன்று வருடம் கிடந்ததாக இருக்கலாம். ரீசார்ஜ் பேட்டரிகளும் சும்மா கிடந்தாலே சார்ஜை இழக்கும்.

அடுத்து, பேட்டரி அறையின் உலோக முனைகளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஆல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. பஞ்சுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ லேசாகத் தொட்டுத் துடையுங்கள். பிறகு நீரில் நனைத்துப் பிழிந்த குச்சியால் ஒருமுறை துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். முனை மங்கலாக இருந்தால் பென்சில் ரப்பரால் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும்.

இன்னும் உயிர் வரவில்லையா? பேட்டரியை எடுத்துவிட்டு யூஎஸ்பி கேபிள் வழியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.

யூஎஸ்பியில் எழுந்துகொள்கிறது: கோளாறு பேட்டரி அறையில்தான். முனைகளை மறுபடி பாருங்கள்.

யூஎஸ்பியிலும் எழவில்லை: வேறு கேபிளில் ஒருமுறை முயன்றுவிட்டு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடுங்கள்.

உள்ளேயே பொருத்தப்பட்ட லித்தியம் பேட்டரி உள்ள கருவி என்றால், பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது. அதற்குமேல் வீட்டில் செய்யும் வேலை எதுவும் இல்லை.

## நடுவழியில் அணைந்துவிடுகிறது, பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

முழு சார்ஜ் பேட்டரி போட்டும் பாதி என்று காட்டுகிறது. இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அமைப்புகளில் பேட்டரி வகை தவறாக இருக்கிறது. ஆல்கலைன் பேட்டரி புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே தொடங்கி மெல்ல மெல்ல இறங்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரியோ 1.2 வோல்ட் அருகிலேயே நெடுநேரம் நின்று, கடைசியில் சட்டென்று விழும். கருவி ஆல்கலைன் என்று நினைத்துக்கொண்டு 1.2 வோல்ட்டைப் பார்த்தால், பேட்டரி பாதி தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்லும். வகையை மாற்றுங்கள், சிக்கல் அங்கேயே தீரும்.

குளிரில் மட்டும் அணைகிறது. ஆல்கலைன் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. அணைந்த பேட்டரியைச் சட்டையின் உள்பையில் பத்து நிமிடம் வைத்துச் சூடாக்கிப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும். பனிப் பகுதிக்குப் போவதென்றால், ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் டபுள் ஏ பேட்டரி வாங்குங்கள். விலை அதிகம்தான், ஆனால் அது மைனஸ் 40 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும்.

குலுங்கும்போது அணைகிறது. சைக்கிள் கைப்பிடியில் மாட்டுபவர்கள் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது. அதிர்வில் பேட்டரி ஒரு கணம் முனையை விட்டு விலகுகிறது. ஸ்பிரிங்கை மெதுவாக ஓரிரு மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிடுங்கள். தகட்டு முனையாக இருந்தால் சற்று நிமிர்த்துங்கள்.

பொதுவாகவே சீக்கிரம் தீர்கிறது. திரை வெளிச்சம்தான் முதல் சந்தேக நபர். அது 15 வினாடியில் தானாக அணையும்படி வையுங்கள். வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறதென்றால் வெளிச்சமே தேவையில்லை. கைப்பேசியோடு இணைக்கும் புளூடூத்தும் தேவையில்லாதபோது அணைந்திருக்கட்டும். பழையதும் புதியதுமாகக் கலந்த பேட்டரி ஜோடியைப் பிரித்துவிடுங்கள், பலவீனமானது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

## செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்கவில்லை

செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து, சிக்னல் வலிமையைக் காட்டும் பட்டைகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். அதைப் பொறுத்து வழி பிரிகிறது.

பட்டைகளே இல்லை. முதலில், கருவி டெமோ நிலையில் (சிக்னல் இல்லாமலே ஓடிக்காட்டும் பயிற்சி நிலை) இருக்கிறதா, ஜிபிஎஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து கருவியைப் பழகியவர்கள் அதை டெமோவிலேயே விட்டுவிடுவார்கள். ஒருமுறை நல்ல அனுபவசாலி ஒருவரே, கருவி தன்னை முந்தைய பயணத்தின் முகாமிலேயே நிறுத்திவைத்திருக்கிறது என்று கொண்டுவந்தார். திரையின் மூலையில் "டெமோ" என்ற சொல் பொடி எழுத்தில் இருந்தது.

பட்டைகள் வருகின்றன, ஆனால் இடம் கிடைக்கவில்லை. நீண்ட நாள் பயன்படுத்தாமல் இருந்தாலோ, அணைத்துவைத்த நிலையில் பல நூறு கிலோமீட்டர் பயணித்து வந்திருந்தாலோ, கருவி தன் தலைக்கு மேலே எந்தச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன என்பதை மறந்திருக்கும். அந்தப் பட்டியலை வானத்திலிருந்து முழுமையாக இறக்கிக்கொள்ள 12.5 நிமிடம் பிடிக்கும். ஆகவே வானம் திறந்த இடத்தில், கருவியை ஒரு பாறை மேல் வைத்துவிட்டு 20 நிமிடம் தொடாதீர்கள். கையில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்கும் வெளிக்கும் நடந்தால் சிக்னல் அறுபட்டு அறுபட்டு வேலை நீண்டுகொண்டே போகும். பொறுமையின்மைதான் இங்கே உண்மையான பழுது.

பட்டைகள் குட்டையாகவே இருக்கின்றன. ஆன்டெனா வானத்தைப் பார்க்கிறதா? தலைப்பக்கம் குமிழோ குச்சியோ துருத்திக்கொண்டிருக்கும் கருவியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். தட்டையான கருவியைத் திரை வானத்தைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். இடுப்பில் தொங்கவிட்டால் உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைத்துவிடும். பையின் தோள்பட்டை நல்ல இடம். அருகில் வாக்கி டாக்கியோ ஓடிக்கொண்டிருக்கும் கேமராவோ இருந்தால் ஒரு முழம் தள்ளிவைத்துப் பாருங்கள். கருவியில் ஜிபிஎஸ் மட்டும் தேர்வாகியிருந்தால் குளோனாஸ், கலிலியோ போன்ற மற்ற செயற்கைக்கோள் தொகுதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் லாபம். உயரத்தோடு சேர்த்து இடம் தெரியக் குறைந்தது நான்கு வேண்டும்.

இடம் சரி, தேதி மட்டும் பல ஆண்டுகள் பின்னால் இருக்கிறது. இது பழைய கருவிகளின் வியாதி. ஜிபிஎஸ் தன் வாரக் கணக்கை 1,024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திருப்புகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அது நடந்தது. அடுத்தது 2038 நவம்பரில். உங்கள் கருவி ஏறக்குறைய 20 ஆண்டுகள் பின்தங்கிய தேதியைக் காட்டினால், தயாரிப்பாளரின் புதிய மென்பொருளைப் போடுங்கள். புதிய மென்பொருள் வருவது நின்றுவிட்ட மாடலா? இடத்தைச் சரியாகக் காட்டும்வரை அதை வைத்துக்கொண்டு, தேதிக்குக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். பழுது பார்க்கக் கொடுத்துக் காசை வீணாக்காதீர்கள்.

எப்போது விட்டுக்கொடுப்பது? திறந்த வெளியில், புதுப் பேட்டரியுடன், ரீசெட்டும் செய்து, முக்கால் மணி நேரம் வைத்தும் ஒரு பட்டைகூட எழவில்லை என்றால் ஆன்டெனா இணைப்பு விட்டிருக்கலாம். கருவி சமீபத்தில் கீழே விழுந்திருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். அதற்குமேல் சர்வீஸ் சென்டரின் வேலை.

## இடத்தைத் தவறாகக் காட்டுகிறது

எவ்வளவு தவறு என்பதுதான் இங்கே துப்பு. தெரிந்த ஓர் இடத்தில் நின்று, வரைபடத்தில் அந்த இடத்துக்கும் கருவி காட்டும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை, அங்குமிங்கும் தாவுகிறது. கருவியில் குறை இல்லை. திறந்த வெளியில் ஐந்து மீட்டர் பிசகு சாதாரணம். ஈரமான அடர்ந்த இலைக்கூரையின் கீழும் செங்குத்துப் பாறைச் சுவரின் ஓரத்திலும் அது பல மடங்காகும். பாறையில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலைக் கருவி நேராக வந்தது என்று நம்பிவிடுகிறது. பள்ளத்தாக்கைத் தாண்டியதும் தானே சரியாகும். திரையில் "துல்லியம் 4 மீட்டர்" என்று போட்டிருக்கிறதே என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அது கருவியின் சொந்த மதிப்பீடு, யாரும் கொடுத்த உத்தரவாதம் இல்லை.

ஐம்பது மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை, எப்போதும் ஒரே பக்கமாக. டேட்டம் (இடங்களை எண்களாக்க வரைபடம் அடிப்படையாகக் கொள்ளும் பூமி அளவீட்டு மாதிரி) பொருந்தவில்லை. கருவிகள் வழக்கமாக டபிள்யூஜிஎஸ் 84 என்ற டேட்டத்தில் இருக்கும். பழைய காகித வரைபடங்கள் பல அதற்கு முந்தைய டேட்டங்களில் வரையப்பட்டவை. வரைபடத்தின் ஓரத்தில் எந்த டேட்டம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைக் கருவியில் தேர்ந்தெடுங்கள். பயணம் முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்து எடுத்துப்போகிறவர் மாட்டிக்கொள்வார்.

அரை கிலோமீட்டர் முதல் பல பத்துக் கிலோமீட்டர் வரை, அதுவும் நீங்கள் கையால் எண்களைத் தட்டிய புள்ளி மட்டும். என் மேசைக்கு வந்ததிலேயே அதிக ஆபத்தான தவறு இது. ஏனென்றால் கருவி எந்தக் குழப்பமும் இல்லாமல், மிகுந்த நம்பிக்கையோடு தவறான இடத்துக்கு அழைத்துப்போகும்.

ஓர் உதாரணம். நண்பர் நீர்ச்சுனை இருக்கும் இடத்தின் அட்சரேகையைத் துண்டுச் சீட்டில் 11° 30' 50" என்று எழுதித் தருகிறார். அதாவது 11 டிகிரி, 30 நிமிடம், 50 நொடி. உங்கள் கருவியோ டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற வடிவத்தில் கேட்கிறது. நீங்கள் 11° 30.50' என்று தட்டுகிறீர்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஆனால் 50 நொடி என்பது 0.833 நிமிடம், 0.50 நிமிடம் என்பதோ 30 நொடிதான். இருபது நொடி குறைந்துவிட்டது. ஒரு நொடி அட்சரேகை சுமார் 31 மீட்டர் என்பதால், சுனை 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. மலையில் 600 மீட்டர் என்பது பக்கத்துப் பள்ளத்தாக்காக இருக்கலாம். 11° 50' என்பதை 11.50° என்று தட்டினால் இன்னும் மோசம், 37 கிலோமீட்டர் போய்விடும்.

சரிசெய்யும் வழி: சீட்டில் உள்ள வடிவத்துக்குக் கருவியின் அமைப்பை முதலில் மாற்றுங்கள், பிறகு எண்ணைத் தட்டுங்கள். மனக்கணக்கில் மாற்றாதீர்கள். தட்டியதும் வரைபடப் பக்கத்தில் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். தூரம் 4 கிலோமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 41 என்று காட்டினால் அங்கேயே நில்லுங்கள்.

புள்ளி தானாகவே சாலைமீது போய் ஒட்டிக்கொள்கிறது. சாலையோடு பிணைக்கும் அமைப்பை அணையுங்கள். அது வண்டி ஓட்டுபவர்களுக்கானது.

## திசைகாட்டி தவறாகச் சுற்றுகிறது

நின்றால் சுற்றுகிறது, நடந்தால் சரியாகிறது. உங்கள் மாடலில் மின்னணு திசைகாட்டியே இல்லாமல் இருக்கலாம், அல்லது அது அணைந்திருக்கலாம். அத்தகைய கருவிக்கு நீங்கள் நகரும்போதுதான் திசை தெரியும். பத்து அடி நேராக நடந்து பாருங்கள்.

நடந்தாலும் நின்றாலும் தவறு. அளவுதிருத்தம் (கேலிபிரேஷன்) செய்யுங்கள். வாகனம், இரும்பு வேலி, கைப்பேசி எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி நின்று, திரை சொல்லும்படி கருவியை ஒவ்வோர் அச்சிலும் சுழற்றுங்கள். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் பேட்டரியின் இரும்பு உறையும் திசைகாட்டியைப் பாதிக்கும். பழைய இரண்டு அச்சுத் திசைகாட்டி என்றால், கருவியைத் தரைக்கு இணையாகப் பிடித்தால்தான் சரியாகக் காட்டும்.

வீட்டில் சரி, பயணத்தில் மட்டும் தவறு. காந்தத்தைத் தேடுங்கள். ஒருவருடைய கருவியை மூன்று முறை அளவுதிருத்தம் செய்து அனுப்பினேன், மூன்று முறையும் திரும்பி வந்தது. கடைசியில் அவர் பையை மாட்டிக்கொண்டு என் முன்னால் நின்றபோதுதான் கண்ணில் பட்டது: தண்ணீர்க் குழாயை நெஞ்சுப்பட்டையில் ஒட்டவைக்கும் காந்தக் கிளிப், கருவிக்கு இரண்டு விரற்கடை தள்ளி. கைப்பேசி உறையின் காந்த மூடியும் இதே வேலையைச் செய்யும்.

கைத் திசைகாட்டியோடு பொருந்தாமல் சில டிகிரி விலகல், எப்போதும் ஒரே அளவு. கருவி உண்மை வடக்கிலும் (வட துருவம் இருக்கும் திசை), உங்கள் கைத் திசைகாட்டி காந்த வடக்கிலும் (காந்த முள் காட்டும் திசை) இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

## உயரம் பொருந்தவில்லை

காற்றழுத்தமானி உள்ள கருவி உயரத்தை அழுத்தத்திலிருந்து கணக்கிடுகிறது. கடல்மட்டத்துக்கு அருகே அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைந்தால் சுமார் 8 மீட்டர் ஏறிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். இரவில் மழைமேகம் சேர்ந்து அழுத்தம் 5 ஹெக்டோபாஸ்கல் விழுந்தால், கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த நீங்கள் காலையில் 40 மீட்டர் உயர்ந்திருப்பீர்கள். உயரம் எழுதிய பலகையோ, வரைபடத்தில் உயரம் குறித்த கணவாயோ வரும்போது அந்த எண்ணைக் கொடுத்து அளவுதிருத்தம் செய்யுங்கள். நாளுக்கு இரண்டு முறை போதும்.

எண் பைத்தியம் பிடித்ததுபோலத் தாவினால், கருவியின் பின்பக்கத்தில் உள்ள சிறு துளை சேற்றால் அடைத்திருக்கும். நல்ல தண்ணீரில் அலசி உலரவிடுங்கள். ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் சவ்வு கிழியும், அதன் பிறகு சர்வீஸ் சென்டர்தான்.

## தூரமும் தடமும் கணக்கில் உதைக்கின்றன

தூரம் அதிகமாக இருந்தால், முந்தைய பயணத்தின் கணக்கை நீங்கள் பூஜ்யமாக்கவில்லை. இது முதல் காரணம். இரண்டாவது, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கருவி நிறுத்தாமல் பதிவு செய்திருக்கிறது. வரைபடத்தில் அந்த இடம் குழந்தை கிறுக்கியதுபோல இருக்கும், ஒவ்வொரு கிறுக்கலும் தூரத்தில் சேரும். நீண்ட ஓய்வின்போது பதிவை இடைநிறுத்துங்கள்.

தடத்தின் தொடக்கம் காணாமல் போயிருந்தால், நினைவகம் நிரம்பி பழைய புள்ளிகள் அழிந்திருக்கும். பல பழைய மாடல்களில் ஓடும் தடத்துக்கு 10,000 புள்ளிகள்தான் இடம். பதிவு இடைவெளியைக் கூட்டுங்கள் அல்லது ஒவ்வொரு மாலையும் சேமியுங்கள். கணினியிலிருந்து ஏற்றிய தடம் பாதியில் நின்றாலும் காரணம் புள்ளி வரம்புதான். கணினியிலேயே புள்ளிகளைக் குறைத்து மறுபடி ஏற்றுங்கள்.

## வரைபடம் வெறுமையாக இருக்கிறது, பாதை மலைவிளிம்பை நோக்கி நீள்கிறது

வெறுமையாக இருந்தால் வரைபட அமைப்பைத் திறந்து, உங்கள் பகுதியின் வரைபடம் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வரைபடங்கள் இயங்கினால் மேலே உள்ளது கீழே உள்ளதை மறைக்கும், ஒன்றை அணையுங்கள். மெமரி கார்டை எடுத்துத் திரும்பச் செருகியும் பாருங்கள்.

பாதை நேர்கோடாகப் பள்ளத்தைத் தாண்டிப் போனால், வழி கணக்கிடும் முறை "நேர்கோடு" என்று இருக்கிறது. நடைபாதை வரைபடம் இருந்தால் நடைக்கான முறைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அந்த அம்பு இலக்கு இருக்கும் பக்கத்தை மட்டுமே காட்டுகிறது, கால் வைக்கும் வழியை அல்ல.

## உறைந்து நிற்கிறது, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது

பேட்டரியைக் கழற்றி ஒரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள். மீண்டும் அதேதானா? மெமரி கார்டை வெளியே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கார்டு இல்லாமல் எழுகிறது: கார்டையோ அதிலுள்ள வரைபடத்தையோ சந்தேகியுங்கள். கார்டை ஃபேட்32 வடிவில் ஃபார்மட் செய்து, வரைபடத்தைப் புதிதாக ஏற்றுங்கள்.

கார்டு இல்லாமலும் எழவில்லை: கணினியில் இணைத்து, ஜிபிஎக்ஸ் கோப்புகளை (தடங்களும் வேபாயின்ட்களும் இருப்பவை) எல்லாம் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். பாதி இறங்கி அறுந்துபோன ஒரே ஒரு தடக் கோப்பு போதும், முழுக் கருவியையும் முடக்க. எழுந்துகொண்டால் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள், குற்றவாளி அகப்படும்.

இரண்டிலும் பலனில்லை என்றால் மென்பொருளைப் புதுப்பியுங்கள், பிறகு ரீசெட். அதன் பின்னும் சுழன்றுகொண்டே இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கணினியே கருவியைக் கண்டுகொள்ளவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜுக்கு மட்டுமான கேபிள்கள் வெளியில் பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆனால் தகவலைக் கடத்தாது. கேபிளை மாற்றியும் துளையில் செருகி ஆடினால், அது சாலிடர் செய்யும் வேலை, கை வைக்காதீர்கள்.

## திரைக்குள் நீராவி படிகிறது

ஐபிஎக்ஸ்7 என்ற நீர்த்தடுப்புத் தரக்குறி போட்ட கருவி ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும். ஆனால் அந்த உறுதி ரப்பர் மூடிகள் சரியாக இருக்கும்வரைதான். யூஎஸ்பி மூடி வெடித்திருக்கிறதா, பேட்டரிக் கதவின் ரப்பர் வளையத்தில் மணலோ முடியோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். ஈரம் போகும்வரை சார்ஜ் கேபிளைச் செருகவே கூடாது. காய்ந்த பிறகு மறுபடியும் படிந்தால் உறையின் ஒட்டு விட்டுவிட்டது, சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.

## பாதையிலேயே கைவிட்டுவிட்டால்

மேலே சொன்னவற்றில் பேட்டரி மாற்றுவதும் ரீஸ்டார்ட் செய்வதும்தான் மலையில் செய்யத்தக்கவை. அமைப்புகளை நோண்டுவதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முயற்சிக்குப் பிறகும் கருவியை நம்ப முடியவில்லை என்றால் அணைத்துவிட்டுக் காகித வரைபடத்தையும் திசைகாட்டியையும் எடுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்புங்கள். அதுவும் தெரியவில்லை, இருட்டப் போகிறது என்றால் நகராமல் இருந்த இடத்திலிருந்தே அவசர உதவியை அழையுங்கள்.

## சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும்போது

கருவியோடு ஒரு சீட்டு வையுங்கள்: என்ன அறிகுறி, எப்போதிலிருந்து, விழுந்ததா நனைந்ததா, மென்பொருள் எண் என்ன, மேலே உள்ளவற்றில் எதையெல்லாம் செய்துபார்த்தீர்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்கள் பேட்டரியிலிருந்து தொடங்குவார்கள், அதற்கும் பில் வரும். பழைய மாடலாக இருந்தால் முதலில் மதிப்பீடு மட்டும் கேளுங்கள். புதுக் கருவியின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் பழுது பார்க்கச் சொல்வதில்லை. பேட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டு அனுப்புங்கள், கார்டு திரும்பி வராத அனுபவம் எனக்கு உண்டு.